வானம் பேசுகிறது, மலையின் பதிலை யார் கேட்பது?

மலைக் கிராமங்களுக்கு இனி ரோடு வழியாகக் கம்பி வரவேண்டியதில்லை, டவர் நாட்ட வேண்டியதில்லை, வானத்திலிருந்தே இணையம் இறங்கிவிடும் என்று இப்போது பலமாகப் பேசப்படுகிறது. 2025 மார்ச்சில் ஏர்டெல், ஜியோ முதலாளிகள் அமெரிக்கக் கோடீஸ்வரர் எலான் மஸ்கின் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் அவருடைய ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு இந்திய சர்க்கார் உரிமம் கொடுத்தது. அதற்குப் பிறகு இந்தப் பேச்சுக்கு உற்சாகம் கூடிவிட்டது.

விஞ்ஞானத்துக்கு உழைப்பாளி மக்கள் விரோதிகளல்ல. செயற்கைக்கோள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கல்வராயன் மலையில் வசிக்கும் மலையாளி ஆதிவாசி மக்களுக்கு அது வேண்டும், அவசரமாக வேண்டும். ஆனால் எந்தச் செயற்கைக்கோள்? யாருக்குச் சொந்தமானது? மேலேயிருந்து கீழே மட்டும் பேசுவதா, கீழேயிருந்து மேலேயும் பேசக்கூடியதா? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் கைதட்டினால் ஏமாறப் போகிறவர்கள் நாம்தான்.

சிக்னலும் கூலியும்

கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. நாடு சுதந்திரம் பெற்று ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1976இல்தான், சர்க்கார் அந்த மலையை ஜாகீர்தார்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தாலுகாவும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரிக்க எடுத்துக்கொண்டது. மலைக்காரன் குரல் கீழே வந்து சேர இவ்வளவு சாவு தேவைப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

இன்றைக்குக் கிராமத்து ஏழையின் வாழ்க்கையில் இணையம் ஆடம்பரமல்ல. ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற கருவிக்கு இணைப்பு வேண்டும். வங்கியின் ஊழியர் கிராமத்தில் பணம் கொடுக்கும் சிறிய கருவிக்கு இணைப்பு வேண்டும். 100 நாள் வேலையில் 2022 மே முதல், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், கைபேசியில் படம் பிடித்து வருகை பதியும் முறையைக் கட்டாயமாக்கினார்கள். 2023 ஜனவரி 1 முதல் அநேகமாக எல்லா வேலைத்தலங்களுக்கும் அதை விரித்தார்கள். தினம் இரண்டு முறை படம். படம் ஏறாவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு, 125 நாள் வேலை என்று புதுச் சட்டம் போட்டார்கள். அதிலும் கருவி மூலம் வருகை, கருவி மூலம் கண்காணிப்பு என்பது இன்னும் கெட்டியாக்கப்பட்டிருக்கிறது.

மண்வெட்டி பிடித்தவன் மண்ணை வெட்டியிருக்கிறான். வெட்டிய குழி கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் மலை மடிப்பில் சிக்னல் இல்லை என்பதால் அவன் அன்று வேலை செய்யவில்லை என்று கணக்கு சொல்கிறது. எந்த ஊர் நியாயம் இது? மில் தொழிலாளி ஒருவன் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த பிறகு, “டைம் ஆபீஸ் கடிகாரம் ஓடவில்லை, ஆகையால் உனக்குக் கூலி இல்லை” என்று மானேஜர் சொன்னால் மூங்கில்துறைப்பட்டிலோ கச்சிராயபாளையத்திலோ சர்க்கரை ஆலைத் தோழர்கள் பொறுத்துக்கொள்வார்களா?

ஆகவே, மலைக்கு இணையம் எப்படி வருகிறது என்பது என்ஜினீயர்களின் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது கூலிப் பிரச்னை. அதன் சூட்சுமத்தை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வானத்து வேகன்கள்

டெலிவிஷன் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. அதனால் கீழிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். தரை நிலையத்திலிருந்து மேலே அனுப்பியதை அது வாங்கி, நாடு முழுவதும் படும்படி கீழே பொழிகிறது. வீட்டுக் கூரைத் தட்டு அதைப் பிடிக்கிறது.

எண்முறை ஒளிபரப்பில் படமும் ஒலியும் தனித்தனியாக வருவதில்லை. எல்லாம் சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒரே அளவுள்ள வேகன்களில் ஏற்றப்பட்டு, ஒன்றன் பின் ஒன்றாக ஓடி வருகின்றன. ஒவ்வொரு வேகனும் 188 பைட் நீளம். முதல் 4 பைட் வேகனின் நெற்றிச் சீட்டு; மீதி 184 பைட்டில் சரக்கு. நெற்றிச் சீட்டில் ஓர் எண் இருக்கும். 0 முதல் 8191 வரை எந்த எண்ணாகவும் இருக்கலாம். இந்த எண் படம், அந்த எண் பாட்டு என்று பெட்டி பிரித்துக்கொள்கிறது.

சரக்கு எதுவானால் என்ன? கரும்பு ஏற்றிய வேகனில் நெல்லையும் ஏற்றலாம் அல்லவா? அதேபோல, டெலிவிஷன் வேகனிலேயே இணையச் செய்தியையும் ஏற்றலாம் என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். இணையத்தில் செய்தி பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. பெரிய பொட்டலம் 1500 பைட் இருக்கும். அதை ஒளிபரப்பு வேகன்களில் ஏற்றினால் ஒன்பது வேகன் பிடிக்கும். இப்படி ஏற்றுவதற்கு ஐரோப்பாவில் முதலில் ஒரு முறை வகுத்தார்கள். 2005 டிசம்பரில் அதைவிட எளிய, சிக்கனமான முறை ஒன்று இணையத்தின் பொது விதியாக வெளியிடப்பட்டது. யாரும் படிக்கலாம், யாரும் கருவி செய்யலாம், யாருக்கும் கப்பம் கட்டவேண்டியதில்லை.

சரி, சரக்கு ஏறிவிட்டது. யார் வீட்டில் இறக்குவது?

பெயரும் டோக்கனும்

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஆலையில் நமக்குப் பெயர் உண்டு, டோக்கன் நம்பரும் உண்டு. பெயருக்கும் டோக்கனுக்கும் பொருத்தம் சொல்லும் ரிஜிஸ்தர் டைம் ஆபீசில் இருக்கிறது. இணையத்திலும் அப்படித்தான். பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பது இணைய முகவரி. ஆனால் அதைக் கையால் வாங்கும் கருவிக்குத் தொழிற்சாலையிலேயே பொறித்த வேறோர் எண் உண்டு. முதலாவதைக் கொண்டு இரண்டாவதைக் கண்டுபிடித்தால்தான் சரக்கு சரியான வீட்டில் இறங்கும்.

ஒரே கட்டடத்துக்குள் கம்பியால் இணைந்த கருவிகளுக்கு இது சுலபம். 1982 முதல் ஒரு முறை இருக்கிறது. “இந்த முகவரிக்காரர் யார்?” என்று ஒரு கருவி எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். “நான்தான், என் எண் இது” என்று உரியது பதில் சொல்லும். விவகாரம் முடிந்தது.

ஆனால் ஒளிபரப்புச் செயற்கைக்கோள் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி. அது கூவுவது மலை முழுவதும் கேட்கும். “இந்த முகவரிக்காரர் யார்?” என்று அது கேட்டால், கேட்கிறவன் “நான்தான்” என்று எங்கே போய்ச் சொல்வது? அவன் தட்டுக்கு வாங்கத்தான் தெரியும், அனுப்பத் தெரியாது. பதில் இல்லாத இடத்தில் பழைய முறை செத்துப்போகிறது.

இதற்கு என்ன வழி என்று ஸ்காத்லாந்தின் அபர்தீன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபேர்ஹர்ஸ்டும் அவருடைய சகாவும் 2007 ஜூலையில் ஒரு பொது ஆவணத்தில் தொகுத்து எழுதினார்கள். வழிகள் மூன்று. ஒன்று, ரிஜிஸ்தரை முன்கூட்டியே எழுதி ஒவ்வொரு கருவியிலும் வைத்துவிடுவது. ஆள் மாறினால், இடம் மாறினால் இது தகராறு. இரண்டு, ரிஜிஸ்தரையே ஒளிபரப்பில் சேர்த்துத் திரும்பத் திரும்ப ஒலிப்பது. எந்த முகவரியின் சரக்கு எந்த எண்ணுள்ள வேகனில் வருகிறது என்று கருவி அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். மூன்று, பதில் பேச ஒரு பாதை ஏற்படுத்துவது. டெலிபோன் கம்பி வழியாகவோ, செயற்கைக்கோள் வழியாகவே மேலே அனுப்பும் கருவி மூலமாகவோ திரும்பும் பாதை கிடைத்துவிட்டால் கேள்வியும் பதிலும் சாதாரணமாக நடக்கும். டெலிபோன் வழியாகப் பதிலை அனுப்பி, ஒருவழிச் செயற்கைக்கோளை இருவழி போலவே இயங்கச் செய்யும் விதி 2001 மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஜப்பான் செயற்கைக்கோள் வழியாகக் கொழும்பு, பினாங்கு போன்ற இடங்களின் சர்வகலாசாலைகளை இணைத்த திட்டம் ஒருவழி ஒளிபரப்பை இப்படித்தான் பயன்படுத்தியது.

அந்த ஆவணம் ஓர் எச்சரிக்கையும் செய்கிறது. ரிஜிஸ்தரில் யாராவது பொய் எழுதிவிட்டால் ஒருவனுடைய சரக்கு இன்னொருவனிடம் போய்ச் சேரும். ஒளிபரப்பு எல்லாத் தட்டுகளிலும் விழுவதால், பூட்டுப் போடாத செய்தியை யாரும் ஒட்டுக்கேட்கலாம். ஆகவே ரிஜிஸ்தரை யார் எழுதுகிறார்கள், சாவி யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். மஸ்டர் ரோலில் பொய்க் கையெழுத்தைப் பார்த்திருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமில்லை!

கேட்க மட்டும் காது

நம் நாட்டு அனுபவம் என்ன சொல்கிறது?

1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு ராஜ்யங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு நேரே செயற்கைக்கோளிலிருந்து டெலிவிஷன் காட்டப்பட்டது. கோழி வலைக் கம்பியால் செய்த பத்தடித் தட்டுகளை நம் என்ஜினீயர்களே உருவாக்கினார்கள். பெட்டி எந்தப் பண்ணையார் வீட்டிலும் வைக்கப்படவில்லை. பொது இடத்தில், ஊருக்குச் சொந்தமாக வைக்கப்பட்டது. பெருமைப்படத்தக்க காரியம். ஆனால் செயற்கைக்கோள் அமெரிக்காவுடையது. வருஷம் முடிந்ததும் அவர்கள் அதைத் திரும்ப நகர்த்திக்கொண்டார்கள். கிராமத்தில் தட்டு இருந்தது. வானத்தில் குரல் இல்லை. சொந்தமில்லாத வானத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் பாடம்.

அந்தப் பாடத்தைப் படித்துத்தான் நாடு சொந்தச் செயற்கைக்கோள்களைக் கட்டியது. 2004 செப்டம்பர் 20இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எடுசாட் ஏவப்பட்டது. கல்விக்கென்றே தனியாக ஒரு செயற்கைக்கோள். டெலிவிஷன் ஒளிபரப்பு முறையிலேயே இணையப் பொட்டலங்களையும் ஏற்றி வகுப்பறைகளுக்கு அனுப்பினார்கள். இந்தத் திட்டம் மொத்தம் சுமார் 56 ஆயிரம் பள்ளி, கல்லூரிகளை எட்டியது. இது சாதனைதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் 51 ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் கேட்கும் கருவி மட்டுமே. பதில் பேசும் கருவி இருந்த இடங்கள் 5 ஆயிரத்துக்கும் குறைவு. பத்தில் ஒன்பது வகுப்பறைகளில் வாத்தியார் வானத்திலிருந்து பேசினார். பையன் சந்தேகம் கேட்க வாயில்லை. 2010 செப்டம்பரோடு அந்தச் செயற்கைக்கோளின் ஆயுளும் முடிந்தது. தமிழ்நாட்டுக் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் துவங்கி, 2020 தொற்றுக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. அதிலும் இதே குறை உண்டு: பாடம் வந்தது, கேள்வி போகவில்லை.

ஏன் இப்படி? கேட்கும் கருவி மலிவு. மேலே அனுப்பும் கருவி விலை அதிகம்; அதற்கு மின்சாரம் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும். ஏழைக்குச் செலவு செய்யும்போது காதுக்கு மட்டும் பணம் ஒதுக்கி, வாய்க்கு ஒதுக்காமல் விடுவது நம் ஆட்சியாளர்களின் பழைய வழக்கம்.

வானம் யாருக்குச் சொந்தம்?

2005 ஜனவரியில், மத்திய சர்க்காருக்குச் சொந்தமான ஆண்ட்ரிக்ஸ் கார்ப்பரேஷன், தேவாஸ் என்ற தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. கைபேசிகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகப் படமும் செய்தியும் அனுப்புவதாகச் சொன்ன அந்தக் கம்பெனிக்கு, நம் பணத்தில் கட்டப்படும் இரண்டு செயற்கைக்கோள்களின் திறனில் பெரும்பகுதியும், 70 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் போக இருந்தன. விஷயம் வெளியே வந்து நாடு கொதித்த பிறகு, 2011 பிப்ரவரியில் மந்திரிசபை அதை ரத்து செய்தது. அந்தக் கம்பெனி மோசடி நோக்கத்தோடு அமைக்கப்பட்டது என்ற தீர்ப்பை 2022 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. ஆனால் கம்பெனியின் அந்நியப் பங்குதாரர்கள் வெளிநாட்டுக் கோர்ட்டுகளில் நஷ்ட ஈடு கேட்டு வழக்காடுவதை விடவில்லை; 2025 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை அது போயிற்று. வானத்தை ஒரு தடவை தனியாருக்கு எழுதிக் கொடுத்தால் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தரையிலும் இதே கதைதான். தனியார் கம்பெனிகள் 4ஜி நடத்திக் கொழுத்த வருஷங்களில் பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த அலைவரிசை கொடுக்கப்படவில்லை. 2019 அக்டோபரில்தான் கொடுக்க முடிவு செய்தார்கள். அதே முடிவோடு சேர்த்து, 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் 2020 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பத்தில் ஏறி, கேபிள் ஒட்டி, மலைப்பாதையில் நடந்து பழுது பார்க்கத் தெரிந்த கைகள் அவை. பிறகு 2022 ஜூலையில், இணைப்பில்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய் திட்டத்தை அதே பி.எஸ்.என்.எல்.லிடம் ஒப்படைத்தார்கள். லாபம் உள்ள பட்டணம் தனியாருக்கு. நஷ்டம் உள்ள மலை பொதுத்துறைக்கு. கையைக் கட்டிவிட்டுக் கிணற்றில் நீர் இறைக்கச் சொன்னால் எப்படி?

“தனியார்தான் சீக்கிரம் வருவான், வரட்டுமே” என்று சிலர் சொல்கிறார்கள். மலையில் ரோடு போட வருஷக்கணக்காகும்போது ஆகாயத்திலிருந்து ஆறு மாதத்தில் இணைப்பு கிடைத்தால் என்ன தவறு என்பது அவர்கள் வாதம். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அவருடைய செயற்கைக்கோள்களில் தாமதம் குறைவு என்பது உண்மை. 36 ஆயிரம் கிலோமீட்டர் போய்வரும் பழைய வகையில் ஒரு கேள்விக்குப் பதில் வர அரை விநாடி பிடிக்கும். ஆனால் அந்த அரை விநாடியால் மலைக்காரன் கூலி போகவில்லை. படத்தை ஏற்றவும், கைரேகையைச் சரிபார்க்கவும் அரை விநாடித் தாமதம் இடைஞ்சலே அல்ல. பொதுத்துறைச் செயற்கைக்கோள்களே இதற்குப் போதும். 2017 ஜூனில் ஏவிய ஜிசாட் 19, 2018 டிசம்பரில் ஏவிய ஜிசாட் 11 ஆகியவை இணையத்துக்கென்றே கட்டப்பட்டவை. கம்பி போக முடியாத ஆயிரக்கணக்கான பஞ்சாயத்துகளைச் செயற்கைக்கோளால் இணைப்பது பாரத்நெட் திட்டத்திலேயே இருக்கிறது. ஆகையால் கருவி இல்லை என்பதல்ல குறை. முடிவு எடுப்பவர்களின் பட்டியலில் மலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதே குறை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். நம்மிடமே இருக்கிறது! டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு 5 வீதம், இணைப்பில்லாத கிராமங்களுக்கென்று தனி நிதியாகப் பல வருஷங்களாகப் பிடிக்கப்பட்டு வருகிறது. 2023ஆம் வருஷச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப் பெயர் வைத்தது. பெயர் என்னவானாலும் அது ஏழை ரீசார்ஜ் செய்த காசு. அது மலை ஏறித்தான் ஆக வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது: சிக்னல் இல்லை என்ற காரணத்துக்காக ஒருவருடைய ஒரு நாள் கூலியும் வெட்டப்படக் கூடாது. ரேஷன் அரிசியும் மறுக்கப்படக் கூடாது. மலையில் காகித மஸ்டர் ரோல் செல்லும் என்று எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். கருவி வேலை செய்யாததற்குச் சர்க்கார் பொறுப்பு, தொழிலாளி பொறுப்பல்ல.

இரண்டாவது: கல்வராயன் மலையின் ஒவ்வொரு பஞ்சாயத்திலும், பள்ளியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ரேஷன் கடையிலும், கம்பி வந்து சேரும் வரை பொதுத்துறைச் செயற்கைக்கோள் இணைப்பு வேண்டும். அது பதில் பேசும் இருவழிக் கருவியாக இருக்க வேண்டும். மழைக்கால மின்வெட்டுக்குச் சூரிய மின்கலமும் கூடவே வேண்டும். கேட்கும் தட்டை மட்டும் மாட்டிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிற வேலை வேண்டாம்.

மூன்றாவது: ஒளிபரப்பின் மலிவையும் பயன்படுத்த வேண்டும். பாடம், மரவள்ளி விலை, புளி விலை, மழை எச்சரிக்கை, சர்க்கார் உத்தரவுகள் ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. இவற்றை ஒரே தடவை வானத்திலிருந்து அனுப்பி ஊர்ப் பொதுக் கருவியில் சேமித்து வைக்கலாம். யாரும் ரீசார்ஜ் செய்ய வேண்டியதில்லை.

நான்காவது: கருவிகளைப் பராமரிக்க மலையிலேயே படித்த ஆண் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் நிரந்தர உத்தியோகமும் வேண்டும். காண்டிராக்டர் வேண்டாம். எஸ்டேட் வேலை தேடி வெளி ராஜ்யம் போகிற இளைஞனுக்குச் சொந்த மலையில் ஒரு வேலை.

ஐந்தாவது: பெயர், கைரேகை, முகவரி அடங்கிய ரிஜிஸ்தர் பொதுமக்களின் சொத்து. அதை எந்தக் கம்பெனிக்கும் விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கிராமசபை கேட்டால் காட்ட வேண்டும்.

ஆலைத் தோழர்களே! இது மலைக்காரன் பிரச்னைதானே என்று இருந்துவிடாதீர்கள். இன்று மலையில் படம் ஏறாததால் கூலி போகிறது. நாளை ஆலை வாசலில் கருவி உங்கள் முகத்தை அடையாளம் காணவில்லை என்றால் உங்கள் கூலி போகும். விவசாயத் தொழிலாளித் தோழர்களே! வெள்ளிமலையில் நடப்பது சங்கராபுரத்துக்கும் சின்னசேலத்துக்கும் வர நெடுநாள் ஆகாது. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நிறைவேற்றிய தீர்மானத்தின் நகலைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்து, கையோடு ரசீது வாங்குங்கள். கூலி விடுபட்ட ஒவ்வொரு நாளையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ஜாகீர்தார் காலத்தில் மலை கேட்க மட்டும் செய்தது. அந்தக் காலம் 1976ஓடு முடிந்திருக்க வேண்டும். முடித்து வைப்பது நம் கையில் இருக்கிறது.